வீட்டுக்கு வந்தால் வேகம் பாதி

முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்தபோது, தப்பான வீடியோக்களை நகலெடுத்துவிட்டோம் போல என்று நினைத்தாள். இரண்டாம் தடவை, லேப்டாப் சரியாக ஆறியிருக்காது என்று நினைத்தாள். மூன்றாம் தடவையும் அதே எண் வந்து நின்றபோது அவளுக்கு நினைக்க வேறு காரணம் கிடைக்கவில்லை.

பாதி. சொல்லிவைத்த மாதிரி பாதி.

பத்திரிகை ஆபீசில் ஆசிரியர் அளந்தபோது இதே மாடல் நொடிக்கு ஆயிரத்து எண்ணூறு எம்.பி. எழுதியது. இங்கே, இவள் வீட்டு மேஜையில், தொள்ளாயிரத்தைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. ஒப்பிட வந்த மற்ற நான்கு லேப்டாப்புகளும் ஆபீசில் காட்டிய வேகத்தையே வீட்டிலும் காட்டின. இது ஒன்றுதான் மக்கர்.

இது வேறு யாருடைய லேப்டாப்பாகவாவது இருந்திருக்கக் கூடாதா?

அந்த வீட்டில் அளவு எடுப்பவர்கள் இரண்டு பேர். மாமியார் துணிக்கு அளவு எடுப்பார்; ஜன்னல் திரை, சோபா உறை, ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவர். மூத்த மருமகளான இவள் மின்னணுச் சாமான்களை அளப்பாள். எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம் என்று வாசகர்களுக்குச் சொல்லும் பத்திரிகையில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில், குளிர்சாதனப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அவள் காத்திருந்ததைப் பார்த்த கொழுந்தன், 'அளவுகாரி' என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அவளோடு முதலில் சிரித்துப் பேசியவனும் அவன்தான்.

அந்தக் கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், லேப்டாப் கம்பெனியில் என்ஜினீயர். அவன் வடிவமைப்பில் உருவான முதல் லேப்டாப் போன வாரம்தான் கடைக்கு வந்தது. ஒரு கையால் தூக்கி விசிறிக்கொள்ளலாம், அவ்வளவு இலேசு. பத்திரிகையின் ஒப்பீட்டில் நல்ல இடம் பிடித்தால் அடுத்த மாடலுக்கு அவன்தான் தலைமை என்று மேலாளர் சொல்லியிருந்தார். கடைசி இடம் பிடித்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்த லேப்டாப்பும் ஒப்பீட்டில் உண்டு என்று தெரிந்த அன்றைக்கே அளவுகாரி ஆசிரியரிடம் போய், "இது என் கொழுந்தன் வேலை செஞ்ச லேப்டாப், என்னை விட்டுடுங்க" என்று கேட்டாள். ஆசிரியர் விடவில்லை. கம்பெனி அனுப்பியதை அவர் ஆபீசில் அளப்பது, கடையில் வாங்கியதை இவள் தனியாக அளப்பது, முடியும்வரை ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு. ஆபீசில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஆகவே இவள் எல்லா லேப்டாப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். படம் எடுப்பதற்காக, கம்பெனி அனுப்பியதும் பைக்குள் இருந்தது.

இன்று காலை இருவரும் எண்களைப் போனில் பரிமாறிக்கொண்டார்கள். பாதி என்று தெரிந்ததும் இவள் மூன்று தடவை மறுபடி அளந்துவிட்டு அழைத்தாள்; ஆசிரியர் கேட்டார்:

"நீ அளந்தது கடையில வாங்கினது. நான் அளந்தது அவங்க அனுப்பினது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"எனக்குத் தோணுறதுதான் உனக்கும் தோணுதா?"

அவளுக்கும் அதுதான் தோன்றியது. பத்திரிகைக்கு அனுப்பியது ஒன்று, கடைக்கு அனுப்பியது வேறொன்று.

"நம்ம வழக்கம் தெரியும்ல? ரெண்டு எண்ணு வந்து காரணம் தெரியலன்னா குறைஞ்சதைப் போடுவோம். வாங்கறவங்க ஏமாறக் கூடாது. சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகுது."

*

சின்னவன் மாடியிலிருந்து இறங்கி வரும்போதே சீட்டி அடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணி, பேப்பர் திருத்தியாச்சா? நம்ம புள்ள பாஸா?"

"உக்காரு."

"நேரமில்ல. பஸ் போயிடும்."

"உக்காருன்னு சொன்னேன்ல."

சீட்டி நின்றது. மேஜையின் மறுகோடியில் மாமியாரின் மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டல் ஆள் இன்றே வந்து திரைகளை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். நீளத் திரைகள் தைக்க நீள மேஜை வேண்டும். துணி தரையில் தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுத்துத் தையல் கோணிவிடும். ஆகவே மெஷினைத் தூக்கி, ஆள் படுக்கும் அகலமுள்ள அந்த வெட்டு மேஜையிலேயே வைத்திருந்தார். மாமியாருக்கு அந்தக் கோடி, மருமகளுக்கு இந்தக் கோடி. எல்லைத் தகராறு இதுவரை வந்ததில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றாள். "பத்திரிகைக்கு அனுப்பினதுல ஒரு டிரைவ், கடைக்கு அனுப்பினதுல மட்டமா வேற டிரைவ்... அப்படி ஏதாவது நடந்திருக்கா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"கம்பெனியைக் கேக்கறீங்களா, என்னைக் கேக்கறீங்களா?"

"டிரைவைத் தேர்ந்தெடுத்தது நீதானே?"

"ஓ. அப்போ என்னைத்தான்."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். அவன் கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் தேவலை.

"மூணு தடவை பார்த்தீங்களா?"

"மூணு தடவை."

"நடுவுல ஆற விட்டு?"

"ஆற விட்டுத்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அப்படி எதுவும் செய்யல அண்ணி. ஆனா உங்க எண்ணு தப்பா இருக்காது. அதான் எனக்குப் பயமா இருக்கு. எனக்குத் தெரியாம என் பெட்டிக்குள்ள என்னமோ நடந்திருக்கு."

எழுந்தான். சாப்பாட்டுப் பையை எடுக்காமலே போய்விட்டான். கதவு அடித்துச் சாத்தப்படவில்லை, மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

மெஷின் நின்றது.

"என்ன சொன்னே என் புள்ளைய?"

"சொல்லல அத்தை. கேட்டேன்."

"கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் இந்த வீட்டுல வித்தியாசம் கிடையாது." மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டை அளவு தப்பினா பிரிச்சுத் தைப்பேன். இவனை எங்க பிரிக்கிறது? வாயைத் திறக்கறதுக்கு முன்னால இன்னொரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

"மூணு தடவை பார்த்தேன் அத்தை."

"ஒரே பெட்டியை மூணு தடவை பார்த்தா அது மூணு பெட்டி ஆயிடுமா?"

கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் அளவுகாரிக்குச் சுருக்கென்றது. பைக்குள் இன்னொன்று இருக்கிறதே! கம்பெனி அனுப்பியது. அதை இங்கே அளக்கவே இல்லையே. அளந்த பிறகல்லவா அவனைக் கேட்டிருக்க வேண்டும்!

*

எஸ்.எஸ்.டி.யை, அதாவது லேப்டாப்பில் ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவை, அவள் எப்படி அளப்பாள் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று விளங்காது.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது, அசைவது எதுவும் கிடையாது. விரல் நீளத்தில் ஒரு பலகை, அதன்மேல் நாலைந்து சில்லுகள், அவ்வளவுதான். எழுத எழுதச் சில்லுகள் சூடாகும். சூடு எல்லை தாண்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய லேப்டாப்பில் அந்தச் சூட்டை வாங்க விசிறி இருக்கும், செம்புக் குழாய் இருக்கும். எடையைக் குறைக்க வந்தவர்கள் முதலில் கை வைப்பதே அவற்றின் மேல்தான். ஆகவே இலேசான லேப்டாப்புகளை ஒப்பிடும்போது, பெட்டியில் அச்சடித்த வேகத்தை நம்பிப் பயனில்லை. அது முதல் சில நொடிகளின் வேகம். ஓட்டப்பந்தயத்தில் முதல் மூச்சில் பாய்வதைப் போல. பெரிய வீடியோக்களைத் தொடர்ந்து நகலெடுக்கும்போது எந்த வேகம் நிலைத்து நிற்கிறது? அதைத்தான் அவள் குறித்துக்கொள்வாள்.

சின்னவனின் சாமர்த்தியமே அங்கேதான். சூட்டை வாங்க வேறு எதுவும் வைக்காமல், மெல்லிய செம்புத் தாளால் டிரைவை லேப்டாப்பின் அடித்தகட்டோடு இணைத்துவிட்டான். மொத்த அடித்தகடும் சூட்டை வாங்கிக் காற்றில் விடும். எடை கூடவில்லை, வேகமும் குறையவில்லை. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்து அவன் இதை விளக்கியபோது, மாமியார்கூடக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

அளவுகாரி கம்பெனி அனுப்பிய லேப்டாப்பை எடுத்து மேஜையில் தன் கோடியில் வைத்தாள். அங்கே நீல டேப்பால் ஒரு சதுரம் ஒட்டியிருந்தாள். எல்லா லேப்டாப்பும் அதே சதுரத்தில், அதே திசையில், அதே வீடியோக்களோடு. ஒன்றுக்கு ஓர் இடம், இன்னொன்றுக்கு வேறு இடம் என்றால் ஒப்பீடு நியாயமாகாது.

நகலெடுப்பு தொடங்கியது. முதலில் பாய்ந்தது. பிறகு இறங்கியது. இறங்கி நின்றது.

தொள்ளாயிரம்.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசில் ஆசிரியர் தன் கண்ணால் ஆயிரத்து எண்ணூறு என்று பார்த்த அதே லேப்டாப். மாற்றுப் பெட்டி இல்லை. மட்டமான டிரைவ் இல்லை. அப்படியானால் அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. இது இந்த வீட்டுக்கு வந்தால் பாதியாகிறது, அவ்வளவுதான். ஏன்?

போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். துண்டிக்கப்பட்டது. சிறிது நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

'கடைகளுக்குப் போக வேண்டிய பெட்டிகளை கிடங்குலயே நிறுத்தச் சொல்லிட்டேன். மத்தியானம் மேலாளரோட மீட்டிங். டிரைவ் தேர்வு என் தப்புன்னு ஒத்துக்கப் போறேன். உங்க எண்ணை நான் நம்பறேன் அண்ணி.'

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன்னை நம்பாமல் போனால்கூடப் பரவாயில்லை. தன் எண்ணை நம்பி அல்லவா அவன் தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொள்ளப் போகிறான்!

"என்ன ஆச்சு?" மாமியார் மெஷினை நிறுத்தாமல் கேட்டார்.

சொன்னாள். மெஷின் ஒரு கணம் தடுமாறி மறுபடி ஓடியது.

"கண்டுபிடி" என்றார் மாமியார். "அவன் போய் உளர்றதுக்குள்ள கண்டுபிடி. நீதானே ஆரம்பிச்சே?"

*

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இது அவள் தொழிலின் முதல் பாடம்.

அறை சூடோ? ஜன்னலைத் திறந்தாள். பாதி. சுவரில் பிளக் சரியில்லையோ? வேறு பிளக்கில் செருகினாள். பாதி. மாமியார் நூல் மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தினார், ஓட்டினார், திட்டினார், மறுபடி ஓட்டினார். அவள் இருந்த இருப்பில் அதெல்லாம் காதில் விழவே இல்லை.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள், ஒன்றைத் தவிர. அந்த நீலச் சதுரத்தை விட்டு லேப்டாப்பை நகர்த்த அவளுக்குத் தோன்றவே இல்லை. எல்லாருக்கும் ஒரே இடம் என்பதுதானே நியாயம்! நியாயத்தின் மேலேயே சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

அடுத்த நகலெடுப்பு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது.

மின்விசிறி முனகி நின்றது. மெஷின் ஓய்ந்தது. வீடே வாயடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி.

"போச்சு! இன்னும் நாலு திரை பாக்கி, அந்த ஓட்டல்காரன் வந்து நின்னா நான் என்னத்தைக் கொடுப்பேன்?" என்று மாமியார் தலையில் கை வைத்தார்.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் எல்லா லேப்டாப்பும் கொஞ்சம் சுணங்கும். இனி இந்த அளவு செல்லாது. நிறுத்துவோம் என்று கை நீட்டியவள் அப்படியே உறைந்தாள்.

வேகம் ஏறிக்கொண்டிருந்தது.

ஆயிரம். ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து எண்ணூறு. நின்றது, அங்கேயே நின்றது.

"அத்தை!"

"என்ன? தேள் கொட்டின மாதிரி கத்தறே!"

"கரண்ட் போனதும் வேகம் கூடுது அத்தை!"

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "ஊருல எல்லாம் கரண்ட் இருந்தா ஓடும். இது கரண்ட் போனா ஓடுதா? என் புள்ள நல்லாத்தான் பண்ணியிருக்கான்!"

அப்படியானால் சார்ஜர்! சார்ஜரில்தான் கோளாறு! அவள் சார்ஜரைப் பிடுங்கித் தூர வைத்தாள். கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. விசிறி சுற்றியது. மாமியார் ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்தார். சார்ஜர் இல்லாத லேப்டாப் இன்னும் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேகம் சரிந்தது. தொள்ளாயிரம்.

எந்த ஒயரும் செருகாத லேப்டாப்புக்குக் கரண்ட் வந்தது எப்படித் தெரிந்தது?

கரண்டோடு திரும்பி வந்தவை எவை? விசிறி. விளக்கு. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி. ஒவ்வொன்றாக அணைத்தாள். வேகம் அசையவில்லை. மிச்சம் ஒன்றுதான்.

"அத்தை, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"எதுக்கு? என் மெஷின் உன் பெட்டியை என்ன பண்ணிச்சு?"

"தெரியல. நிறுத்துங்க."

"ஓட்டல்காரனுக்கு யார் பதில் சொல்றது? உன் பெட்டி தூங்குதுன்னா என் பெடலை நிறுத்தணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

"அங்க அவன் மீட்டிங்குக்குப் போயிட்டிருப்பான் அத்தை."

பெடலிலிருந்து கால் எடுக்கப்பட்டது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மாமியார் வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் எண் நகர்ந்தது, மளமளவென்று ஏறியது. ஆயிரத்து எண்ணூறு.

"அடப்பாவி" என்றார் மாமியார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இப்போது புரிந்தது, நூல் மாற்ற மெஷின் நின்றபோதெல்லாம் ஏன் வித்தியாசம் தெரியவில்லை என்று. மெஷின் நின்றவுடன் லேப்டாப் விழிப்பதில்லை. கொஞ்சம் பொறுத்து, சந்தேகம் தீர்ந்து, பிறகுதான் விழிக்கிறது.

மெஷினுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒயர் இல்லை. இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பது மேஜையை மட்டும்தான். அளவுகாரி உள்ளங்கையை மேஜையில் பதித்தாள். "இப்போ தைங்க."

அதிர்வு முழங்கைவரை ஏறியது. காலையிலிருந்து இதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்; பழகிப்போய் உறைக்கவே இல்லை. டப்பா மூடியில் கிடந்த குண்டூசிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லப் பாடிக்கொண்டிருந்தன.

லேப்டாப்பைத் தூக்கித் தரையில் வைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முழு வேகம். மறுபடி நீலச் சதுரத்தில் வைத்தாள். பாதி.

அதிர்வுதான். சந்தேகமே இல்லை. ஆனால் அதிர்ச்சி இங்கேதான் இரட்டிப்பாயிற்று. சுற்றும் தட்டு இருந்தால் அதிர்வில் தடுமாறும் என்று சொல்லலாம். எஸ்.எஸ்.டி.யில்தான் அசைகிற பொருளே கிடையாதே! சில்லுகளை உலுக்கினால் அவற்றுக்கு என்ன வலிக்கவா போகிறது? அதுவும், மற்ற நான்கு லேப்டாப்பும் இதே அதிர்வில் கிடந்தனவே, அவை கண்டுகொள்ளவே இல்லையே?

அவள் சோர்ந்துபோய் ஜன்னலோரத்து நாற்காலியில் சாய்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் மொத்த அறையும் இருந்தது. அதிர்வு இங்கே வராது.

வேகம் பாதி.

மெஷின் ஓடும் மேஜையில் பாதி. இங்கே, மெஷினே எட்டாத இடத்தில், தன் மடியிலும் பாதி.

அவள் குனிந்து தன் தொடையைப் பார்த்தாள். ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மடி அசையாமல் இருப்பதில்லை. மூச்சு விட்டால் அசையும், கால் விரலை ஆட்டினால் அசையும். அடித்தகடு இளஞ்சூடாக இருந்தது. இளஞ்சூடாகத்தான் இருந்தது, சுடவில்லை. ஏன் சுடவில்லை? மொத்தச் சூட்டையும் வாங்கும் தகடாயிற்றே!

சுடக் கூடாது என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"அத்தை!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தாள்.

*

இந்தத் தடவை அவன் எடுத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"மீட்டிங்ல இருக்கேன் அண்ணி. மேலாளர் எதிர்ல இருக்காங்க."

"ஒத்துக்கிட்டியா?"

"இப்பதான் ஆரம்பிச்சேன்."

"வாயை மூடு. ஸ்பீக்கர்ல போடு."

"அண்ணி..."

"போடுடா!" என்றார் மாமியார், பக்கத்திலிருந்து.

போட்டான். அளவுகாரி மூச்சை இழுத்து விட்டாள். "உன் லேப்டாப்புக்கு, அது மேஜைல இருக்கா, ஆள் மடியில இருக்கான்னு தெரியுமா?"

"என்னது?"

"அசைவைக் கண்டுபிடிக்கிற சில்லு உள்ள இருக்கா இல்லையா?"

"இருக்கு. கையில எடுத்தா ஸ்கிரீன் ஆன் ஆகறதுக்கு வெச்சோம். டிரைவுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. எவ்வளவு சூட்டுல வேகம் குறையணும்னு விதி எழுதினதே நான்தான் அண்ணி. எனக்குத் தெரியாதா?"

பிறகு இன்னொரு குரல் வந்தது; மேலாளரின் குரல், நிதானமாக.

"சம்பந்தம் இருக்கு."

"மேடம்?"

"உங்க விதிக்கு மேல இன்னொரு விதி சேர்த்திருக்கோம். சோதனைல மடியில வெச்சுப் பார்த்தவங்க தொடை சுடுதுன்னாங்க. அதனால, அசைவு தெரிஞ்சா மடியில இருக்குன்னு எடுத்துக்கிட்டு டிரைவ் சீக்கிரமே வேகத்தைக் குறைச்சுடும். விற்பனைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் மென்பொருள்ல போட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?" சின்னவன் கேட்டான்.

மறுமுனையில் காகிதங்கள் புரண்டன.

"நான் இங்க என் தப்புன்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க. எனக்கு ஏன் சொல்லல மேடம்?"

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "கிடங்குல நிக்கிற பெட்டிகளைக் கடைகளுக்கு அனுப்பச் சொல்லுங்க. மத்ததை நாளைக்குப் பேசலாம்" என்ற குரல் தூரப் போனது. கதவு திறந்து மூடியது.

மாமியார் போனை மருமகள் கையிலிருந்து பிடுங்கினார். "யாருடா அவ? எம்புள்ளகிட்டச் சொல்லாம எம்புள்ள பெட்டில கை வெச்சது?"

"அம்மா, ஸ்பீக்கர்லதான் இருக்கு!"

"இருக்கட்டும். கேக்கட்டும்."

அளவுகாரி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "காலைல உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேக்கணும் அண்ணி. அது உங்க வேலை." என்றான். "ஆனா ரெண்டாவது பெட்டியைப் பார்த்துட்டுக் கேட்டிருக்கலாம்."

"ஆமா."

"சாப்பாட்டுப் பையை வேற விட்டுட்டு வந்துட்டேன்" என்றான். குரல் உடைந்து, சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அதில் வந்தது.

அடுத்த அழைப்பு ஆசிரியருக்கு. காரணம் தெரிந்துவிட்டது என்றாள். இரண்டு எண்ணையும் போட வேண்டும் என்றாள். நிரூபிக்க முடியுமா என்று அவர் கேட்டார். உங்கள் மேஜையில் ஒரு தடவை, உங்கள் மடியில் ஒரு தடவை நகலெடுத்துப் பாருங்கள் என்று சொல்லி, கடையில் வாங்கிய லேப்டாப்பை ஆட்டோவில் கொடுத்து அனுப்பினாள். மாமியார் மிச்சத் திரைகளைத் தைக்க உட்கார்ந்தார். மெஷின் கடகடத்தது. வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்துக்கு ஆசிரியர் திரும்ப அழைத்தார்.

"மேஜைல ஆயிரத்து எண்ணூறு. மடியில தொள்ளாயிரம். சொல்லும்மா, எழுதிக்கறேன். வாசகருக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் சொன்னாள்:

"டிரைவ்ல கோளாறு எதுவும் இல்ல. மடி சுடக் கூடாதுன்னு, அசைவு தெரிஞ்சா இந்த லேப்டாப் டிரைவோட வேகத்தைப் பாதியாக்கிடும். அதிர்ற மேஜையையும் அது மடின்னுதான் நினைக்கும். பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது அசையாத, அதிராத இடத்துல வையுங்க, முழு வேகமும் கிடைக்கும்."